அந்த எஸ்.ஏ. கட்டுகளையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

மதுரை, திருச்சி, திருநெல்வேலி சட்டக் கல்லூரிகளில் படிப்பை முடித்து, இந்த ஆண்டு கறுப்புக் கோட்டு மாட்டப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பாதிப்பேராவது ஒத்தக்கடைக்குத்தான் வந்து சேரப்போகிறீர்கள். யானைமலைக்குப் பக்கத்தில், உலகனேரியில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு சீனியரைப் பிடித்து, அவருடைய கட்டுகளைச் சுமந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாக மனுப் போடத் தொடங்குவீர்கள். நான் அந்தக் கட்டடத்து ஆள் இல்லை. பரமக்குடியில் தொழில் பார்த்துத் தலை நரைத்தவன். முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நடத்திய வழக்கு தோற்றுப்போனால் கட்டை மேலே அனுப்பிவிட்டு, "என்ன சார், நம்ம கேஸ் என்னாச்சு?" என்று கேட்கும் கட்சிக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டிய மஃபஸல் வக்கீல். அங்கே இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளைக்கு வரும் இளைஞர்கள் ரிட் போடக் கற்றுக்கொள்கிறார்கள், முன்ஜாமீன் வாங்கக் கற்றுக்கொள்கிறார்கள். அப்பீல் நடத்தக் கற்றுக்கொள்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதிலும் இரண்டாம் மேல்முறையீடு, நாம் எஸ்.ஏ. என்கிறோமே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட யாரும் தயாரில்லை. இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல்.

மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபரில். அதற்கு மறு ஆண்டு, 1802-ல், கம்பெனி அரசு சென்னை மாகாணத்துக்கென்று ஒரு நீதிமன்ற ஏற்பாட்டை ரெகுலேஷன்களாகப் போட்டது. ஜில்லா கோர்ட்டுகள் கீழே. அவற்றுக்கு மேல் மாகாணத்தை நான்காகப் பிரித்து நான்கு வட்டார அப்பீல் கோர்ட்டுகள். எல்லாவற்றுக்கும் மேல் சென்னையில் சதர் அதாலத். வட்டார அப்பீல் கோர்ட்டுகளுக்கு ப்ரொவின்ஷியல் கோர்ட் என்று பெயர். வடக்குக்கு மசூலிப்பட்டினம், நடுப்பகுதிக்குச் சித்தூர், மேற்குக்குத் தலச்சேரி, நம் தென்பகுதிக்குத் திருச்சிராப்பள்ளி. வந்தவன் தன் வரிவசூலுக்காகத்தான் இதையெல்லாம் கட்டினான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனித்திருக்கிறான்: அப்பீல் என்பது தலைநகரத்தில் மட்டும் இருந்தால் ஊர்க்காரன் வரமாட்டான். மாட்டுவண்டியில் போகக்கூடிய தூரத்தில் ஒரு கோர்ட் வேண்டும்.

அந்த நான்கு கோர்ட்டுகளையும் 1843-ல் கலைத்தார்கள். சிக்கனம், நிர்வாக வசதி என்று வழக்கமான காரணங்கள்தான். பிறகு 1862 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. சதர் அதாலத்தும், 1801 முதல் சென்னைப் பட்டணத்துக்கென்று இருந்த சுப்ரீம் கோர்ட்டும் அதில் கரைந்தன. மதுரைச் சீமைக்காரனுக்கும் நெல்லைச் சீமைக்காரனுக்கும், ஜில்லா கோர்ட்டுக்கு மேல் ஒரு படி ஏற வேண்டுமானால் சென்னை ஒன்றுதான் வழி. 1843-லிருந்து 2004 வரை, 161 ஆண்டுகள்.

நம் பக்கத்து ஆட்கள் அந்தப் படிகளை ஏறாமல் இல்லை. சில பேர் லண்டன்வரை ஏறினார்கள். இந்து வாரிசுச் சட்டப் பாடத்தில் நீங்கள் உருப்போட்ட சிவகங்கை வழக்கை நினைத்துப் பாருங்கள். ஜமீன்தார் கௌரி வல்லப உடையத்தேவர் 1829-ல் இறந்தார். சொத்து அவருடைய அண்ணன் வழிக்கா, அவருடைய மனைவி மகள் வழிக்கா என்ற தாவா தொடங்கியது. வழக்குமேல் வழக்காகப் போய், மகள் காத்தம நாச்சியார் பிரிவி கவுன்சிலில் ஜெயித்தபோது ஆண்டு 1863. கூட்டுக்குடும்பத்தில் இருந்தாலும் ஒருவர் தனியாகச் சம்பாதித்த சொத்து அவருடைய மகளுக்குப் போகும் என்று அன்று சொன்னதுதான், பிறகு நாடு முழுவதற்கும் சட்டமானது. முப்பத்துநான்கு வருஷம். நாச்சியாரிடம் ஜமீன் கனவாவது இருந்தது, கடன் கொடுக்க ஆள் இருந்தது. ஐந்து வருஷம் கழித்து, 1868-ல், ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி தத்தெடுத்த வழக்கும் அதே பிரிவி கவுன்சிலில்தான் முடிந்தது. எதிர்த்தரப்பு மதுரைக் கலெக்டர். கணவனின் நெருங்கிய உறவினர் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம் என்பதும், சாஸ்திரத்தில் எழுதியிருப்பதைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கம் வலிமையானது என்பதும் அதில் உறுதியாயின. இன்றைக்கும் தில்லியில் ஒரு வக்கீல் 'மதுரைக் கலெக்டர் வழக்கு' என்று மேற்கோள் காட்டுகிறார் என்றால், அது நம் சேதுச் சீமையின் கதை.

ராணிகளுக்கு லண்டன் கிடைத்தது. ஆனால் அதே சிவகங்கையில், ராமநாதபுரத்தில், அரை ஏக்கர் நிலத்துக்கும் கிணற்றுப் பங்குக்கும் வண்டிப்பாதைக்கும் வழக்காடியவனுக்கு ஜில்லா கோர்ட்டோடு கதை முடிந்தது. தீர்ப்பு தப்பாகவே இருந்தாலும் முடிந்ததுதான்.

இன்னொரு விஷயம் யாரும் அதிகம் பேசுவதில்லை. இப்போது கிளையின் எல்லைக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளுக்கு, நாடு விடுதலை அடைந்த பிறகுதான் நீதிமன்றம் தூரமாகப் போனது. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தவரை அங்கேயே ஒரு சீஃப் கோர்ட் இருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அப்பீல் சென்னைக்குப் போய்விட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூரில் இருந்தபோது மேல்கோர்ட் திருவனந்தபுரத்தில். நாகர்கோவிலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்து, 1956 நவம்பர் 1-ல் சேர்ந்தார்கள். சேர்ந்த அன்றைக்கே அவர்களுடைய உயர் நீதிமன்றம் ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போனது. தாய்த் தமிழகத்தோடு இணைந்ததற்கு அவர்கள் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சென்னைப் பயணம் எப்படி இருக்கும் என்று இன்றைய உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பாண்டியனிலோ நெல்லையிலோ கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ டிக்கெட் கிடைக்காமல், பொதுப் பெட்டியில் கழிவறைப் பக்கம் துண்டை விரித்துப் படுத்து எழும்பூர் போவார் கட்சிக்காரர். பாரிமுனைப் பக்கம் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு, பத்தரைக்கு அந்தச் சிவப்புக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நிற்பார். வழக்கு லிஸ்டில் இருக்கும், எட்டாது. சாயங்காலம் வக்கீல் வெளியே வந்து, "இன்னிக்கி ரீச் ஆகல" என்பார். இதற்கு எத்தனை ஆட்டுக்குட்டிகள் விற்கப்பட்டன என்ற கணக்கை எந்த ஜுடிசியல் கமிஷனும் எடுத்ததில்லை. அப்புறம் பலர் போவதையே நிறுத்திவிடுவார்கள். ஊர் வக்கீலான எங்களிடம் வகாலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சென்னையில் பெயர்கூடத் தெரியாத ஒரு வக்கீலின் அலமாரியில் தங்கள் நிலத்தை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

உயர் நீதிமன்றத்தின் தலைமை இடத்துக்கு வெளியே ஒரு நிரந்தர அமர்வு அமைக்க, 1956-ம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 51-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. நீதிபதி ஜஸ்வந்த் சிங் தலைமையிலான குழு 1985-ல் கொடுத்த அறிக்கை மதுரைக்கு ஒரு கிளை வேண்டும் என்றது. அறிக்கை வந்து ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, தென்மாவட்ட வழக்கறிஞர் சங்கங்கள் புறக்கணிப்பும் ஊர்வலமுமாகப் போராடிப் போராடி, 2004 ஜூலை 24 அன்று கிளை திறக்கப்பட்டது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, திருச்சிராப்பள்ளி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று 13 மாவட்டங்கள். 2019-ல் தென்காசி பிரிந்ததால் இப்போது 14. மற்ற இடங்களைப் பார்த்தால் நாம் அதிர்ஷ்டக்காரர்கள்தான். மேற்கு உத்தரப் பிரதேசத்து வக்கீல்கள் பத்தாண்டுகள் பல கடந்தும் இன்னும் சனிக்கிழமைதோறும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். வடகர்நாடகத்துக்குத் தார்வாடும் கலபுரகியும் 2008-ல்தான் கிடைத்தன, ஜல்பாய்குரிக்கு 2019, கோலாப்பூருக்கு 2025.

ஒன்றை நினைவில் வையுங்கள். மதுரையில் இருப்பது தனி உயர் நீதிமன்றம் அல்ல. தலைமை நீதிபதி சென்னையில் இருக்கிறார். யார் எந்த வழக்கைக் கேட்பது என்ற பட்டியலை அவர் போடுகிறார். நீதிபதிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறி மாறி வந்து அமர்கிறார்கள். இதில் நல்லதும் உண்டு. ஊரோடு ஒட்டிக்கொள்ளாத நீதிபதியிடம் உள்ளூர்ப் பெரிய மனிதரின் பேச்சு எடுபடாது. கெட்டதும் உண்டு. பாதி வாதம் கேட்ட நீதிபதி சென்னைக்குப் போய்விட்டால், 'பார்ட் ஹேர்ட்' என்று கட்டின்மேல் எழுதிய வழக்கு நடுவீதியில் நிற்கும். புது நீதிபதியிடம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரிட்டுக்கு இது பெரிய இழப்பில்லை. அப்பீலுக்குத்தான் உயிர்ப் பிரச்சினை. அதில் சாட்சியம், ஆவணம், கீழ்க்கோர்ட் தீர்ப்புகள் எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிய நீதிபதி வேண்டும்.

கிளை வந்ததால் என்ன நடந்தது? முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பெருமையாகவே. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு, கோவில்பட்டிச் சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரடங்கு காலம், கோர்ட்டே காணொளியில்தான் நடந்துகொண்டிருந்தது. நீதிபதிகள் பி.என்.பிரகாஷும் பி.புகழேந்தியும் யாரும் மனுப் போடுவதற்குக் காத்திருக்காமல் தாமாகவே வழக்கை எடுத்தார்கள். கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை நேரில் போய் விசாரிக்கச் சொன்னார்கள். அவரை ஸ்டேஷனில் அவமதித்தார்கள் என்று அறிக்கை வந்ததும், அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டார்கள். சி.பி.ஐ. வருவதற்குள் தடயம் அழிந்துவிடக் கூடாது என்று சி.பி.சி.ஐ.டி.யை உடனே இறக்கினார்கள். எல்லாம் சில நாள்களுக்குள். இதைச் சென்னையில் இருந்தும் செய்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்திருக்கலாம். ஆனால் தென்மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளையும் அதிகாரிகளையும் தினமும் கையாளும் ஒரு கிளை இருந்ததால்தான் அது அந்த வேகத்தில் நடந்தது என்பது என் கட்சி.

2019 ஏப்ரலில் வந்த இன்னொரு தீர்ப்பு. தூத்துக்குடியில் ஒரு கோயிலில் திருநங்கை ஒருவரை ஓர் இளைஞர் மணந்தார். பதிவுத் துறை பதிய மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடக்கம் என்றது கிளை. அதோடு நிற்காமல், இருபால் கூறுகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஆணா பெண்ணா என்று முடிவுகட்டி அறுவை செய்வதை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில் அரசாணையும் வந்தது. கீழடியில் தோண்டி எடுத்த பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற வழக்கும், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் சமஸ்கிருதத்தோடு தமிழும் ஒலிக்கலாம் என்று 2020 ஜனவரியில் வந்த தீர்ப்பும் இந்த வளாகத்தில் நடந்தவைதான்.

அதிகமாகப் போனதும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு ஒருவர் கிளைக்கு வந்தார். கேட்டது ஓர் ஊர்ப் பந்தயம். 2006 மார்ச்சில் வந்த உத்தரவோ ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்து மாநிலம் முழுக்கத் தடை செய்தது. மறு ஆண்டு டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றி நிபந்தனைகளோடு அனுமதித்தது. பிறகு 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 மெரினா போராட்டம், சட்டத் திருத்தம், அது செல்லும் என்ற 2023 தீர்ப்பு என்று கதை எங்கோ போனது. தொடக்கப் புள்ளி ஒத்தக்கடையில் போட்ட ஒரு வண்டிப் பந்தய மனு. சீமைக் கருவேல வழக்கு இன்னொன்று. மாவட்டம் மாவட்டமாக அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017 தொடக்கத்தில் கிளை கெடு விதித்தது. வழக்கறிஞர்களையே மேற்பார்வைக்கு அனுப்பியது. கருவேல மரம் நிலத்தடி நீருக்கு என்ன செய்கிறது என்பதை நிபுணர்கள் முடிவு செய்யட்டும் என்ற வாதத்தில் அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. எங்கள் ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்று அந்தக் கோர்ட் ஹாலில் யாராவது எடுத்துச் சொன்னார்களா என்று எனக்கு அன்று ஏக்கமாக இருந்தது. அவர்களுக்கு வக்கீல் இல்லை, அவ்வளவுதான்.

இவையெல்லாம் பத்திரிகையில் வருபவை. தினசரி லிஸ்டைப் பாருங்கள். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் 'ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி' மனுக்கள் வரிசைகட்டும். இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டார், ஆகவே இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 226-ம் பிரிவு. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று 226. புறம்போக்கில் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டு கட்டிவிட்டார் என்று 226. கொடுத்த மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவிடுங்கள் என்று ஒரு ரிட். காலையில் போட்டால் அந்த வாரமே 'நான்கு வாரத்துக்குள் பரிசீலிக்கவும்' என்று இரண்டு பத்தி உத்தரவு. கட்சிக்காரருக்கு ஜெயித்த மாதிரி இருக்கும், வக்கீலுக்கு ஃபீஸ் வரும், தாசில்தார் நான்கு வாரத்தில் நிராகரித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். நான் குறை சொல்லவில்லை; முதல் சில வருஷம் ஜூனியர் சாப்பிட வேண்டும். முன்ஜாமீனும் குண்டர் சட்டத்துக்கு எதிரான ஆட்கொணர்வு மனுவும் ஒருவருடைய சுதந்திரம் சம்பந்தப்பட்டவை, அவை முந்தித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இந்த வெள்ளத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது தெரியுமா? எஸ்.ஏ.(எம்.டி.) என்று எண் போட்ட கட்டுகள். பரமக்குடி முன்சீப் கோர்ட்டில் ஜெயித்து சப் கோர்ட்டில் தோற்ற பாகப்பிரிவினை. நெல்லையில் இரண்டு கோர்ட்டிலும் தோற்ற விதவையின் வீடு. ஒரத்தநாட்டுப் பக்கத்து வாய்க்கால் பாத்தியம். 1976-ல் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ம் பிரிவைத் திருத்தியதிலிருந்து, கணிசமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிவது வேறு, அந்தக் கேள்வியை எழுதுவது வேறு. 'கீழ்க்கோர்ட்டுகள் சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை' என்று ஐந்து வாக்கியத்தில் திருப்பித் திருப்பி எழுதி சப்மிட் செய்கிறார்கள். அட்மிஷனிலேயே தள்ளுபடி. உண்மையில் அந்தக் கட்டில் கேள்வி இருந்திருக்கும். பதிவு செய்யாத பாகப்பிரிவினைப் பத்திரத்தை எதற்காகப் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கக் கூடாது என்பதைக் கீழே குழப்பியிருப்பார்கள். அல்லது பட்டாவை வைத்தே உரிமையை முடிவுகட்டியிருப்பார்கள். அல்லது ஒரு முக்கிய ஆவணத்தைத் தொடாமலே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். அதைத் தேடி எடுக்க, கீழ்க்கோர்ட்டு மார்க் செய்த ஆவணங்களையும் குறுக்கு விசாரணையையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். மூன்று ராத்திரி வேலை. ஒரு ரிட்டுக்கு அரை நாள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்களைப்போல் சென்னைக்கு அனுப்பிவிட்டு அமைதியாக உட்கார வேண்டியதில்லை. ஒரு சந்தேகம் வந்தால் கட்சிக்காரரை வரச் சொல்லலாம். பரமக்குடியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார். அந்த வண்டிப்பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று அவரே காகிதத்தில் வரைந்து காட்டுவார். கிளை வந்ததன் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், சென்னைக்கு அனுப்பிய காலத்தில் எப்படிக் கட்சிக்காரரின் முகம் பார்க்காமல் அப்பீல் நடந்ததோ, அப்படியேதான் இப்போதும் பெரும்பாலும் நடக்கிறது. தொண்ணூறு நாள் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது கட்டு கைமாறுகிறது. அவசரத்தில் எண் வாங்கிவிட்டால் போதும் என்று ஆகிறது. பிறகு அது வருஷக்கணக்கில் தூங்குகிறது. ஸ்டே வாங்கத் தவறினால், கீழே நிறைவேற்று மனுப் போட்டு அமீனா வந்து நிற்கிறார். மேலே அப்பீல் உயிரோடு இருக்கிறது, கீழே வீட்டின் பூட்டு உடைகிறது.

குற்ற மேல்முறையீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் மத்தியச் சிறையில் ஆயுள் தண்டனைக் கைதிகள் தங்கள் அப்பீலுக்காகக் காத்திருக்கிறார்கள். வசதி இருப்பவருக்குத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கிடைக்கிறது. இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணையத்தின் வக்கீல். அது நீங்களாக இருக்கலாம். அந்தக் கட்டை 'இலவசக் கேஸ்' என்று கடைசியில் வைக்காதீர்கள்.

மொழியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. நம் மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில், தீர்ப்பும் பெரும்பாலும் தமிழில். ஒத்தக்கடைக்கு வந்ததும் எல்லாம் ஆங்கிலம். தமிழில் இருந்த சாட்சியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, டைப் செட் போட்டு, கட்சிக்காரர் பணம் கொடுத்து, பிறகு தன் வழக்கு என்ன ஆயிற்று என்று தனக்கே புரியாத மொழியில் கேட்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 348-ம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வேறு மொழியை அனுமதிக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி இருக்கிறது. தமிழை அப்படி ஆக்க வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டது; உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. 2010-ல் மதுரை வழக்கறிஞர்கள் இதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தை நான் ஆதரித்தவன், இன்றும் ஆதரிக்கிறேன். அதுவரைக்கும், உத்தரவின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க உங்களை யாரும் தடுக்கவில்லை. எந்த விதியும் குறுக்கே நிற்காத வேலை அது.

காணொளியில் வாதாடலாம், இ-ஃபைலிங் வந்துவிட்டது, இனி வட்டாரக் கிளை எதற்கு என்று சென்னையில் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வக்கீலுக்குக் கேமரா போதும். தன் நிலத்துக்காக முப்பது வருஷம் அலைந்த மனிதருக்கு, நீதிபதி தன் வழக்கின் பெயரைக் கூப்பிட்டு, தன் ஆவணத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதை நேரில் காண வேண்டும். தோற்றாலும் அவர் அதைத் தாங்குவார். பார்க்காமல் தோற்றால், பணம் விளையாடிவிட்டது என்றுதான் ஊரில் போய்ச் சொல்வார். கோர்ட்மீது நம்பிக்கை போகும் வழிகளில் இதைவிட எளிதானது வேறில்லை.

உச்ச நீதிமன்றத்துக்குச் சென்னையில் ஒரு கிளை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2009-ல் சட்ட ஆணையமும் தன் 229-வது அறிக்கையில், தில்லி, சென்னை அல்லது ஐதராபாத், கொல்கத்தா, மும்பை என்று நான்கு இடங்களில் மேல்முறையீட்டு அமர்வுகளைப் பரிந்துரைத்தது. நடக்கவில்லை; உங்கள் காலத்தில் நடந்தால் மகிழ்ச்சி. அதற்குள் நம் ஊர்ச் சிவில் வழக்குக்காரரில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தில்லிக்குப் போகப்போவதில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த நடைமுறை. அப்படியானால் ஒத்தக்கடைதான் அவர்களுடைய கடைசிக் கோர்ட். சட்டப் புத்தகத்தில் அது இரண்டாம் அப்பீல், வாழ்க்கையில் அது முடிவு.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். சேர்ந்த முதல் மாதத்திலேயே, உங்கள் சீனியரின் அலமாரியில் தூசி படிந்த எஸ்.ஏ. கட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புகள் இரண்டையும் முழுதாகப் படியுங்கள். கேள்வி என்ன என்று உங்கள் கையால் எழுதுங்கள். அந்தக் கட்சிக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று போன் போட்டு விசாரியுங்கள்; இல்லையென்றால் வாரிசுகளைச் சேர்க்கும் மனுவைக் கெடுவுக்குள் போடுங்கள். லிஸ்டில் வரும் தேதியை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வந்தால், கோர்ட் ஹாலில் உட்கார ஓர் இடம் பிடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பரமக்குடி கோர்ட்டிலிருந்து உங்களுக்குக் கட்டு அனுப்பும் ஒரு மூத்த வழக்கறிஞர்